மூன்றாவது கிளாஸ்

பாப்பா அப்பாவுக்கு,

நாசிக் டூர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "பொம்பள கைல கிளாஸா? இன்னா பழக்கம் இது?" என்று கத்தினீர்கள். என்னைப் பேச விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒரகடம் கம்பெனியில் என் வேலை என்ன? புது கார் சீட்டில் கெட்ட வாடை வருகிறதா என்று மோந்து பார்ப்பது. அதற்காக எட்டு வருடமாகப் பூ வைக்கவில்லை, பவுடர் போடவில்லை.

டூரில் சின்னச் சின்ன வைன் தோட்டங்களைச் சுற்றிக் காட்டினார்கள். ஒவ்வொன்றிலும் ருசி பார்க்க ஓர் அறை, கொப்பளித்துத் துப்ப ஒரு வாளி. நான் துப்பினேன். எங்கள் சூப்பர்வைசர் விழுங்கினார்.

மூன்றாவது தோட்டத்தில் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே கீழே வைத்துவிட்டேன். "நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை வருது சார்" என்றேன். சூப்பர்வைசர் அதை இந்தியில் சொல்லிச் சிரித்தார். தோட்டத்துக்கார அம்மா சிரிக்கவில்லை. தானும் மோந்து பார்த்தார்; அந்தப் பாட்டிலை அப்படியே வாளியில் கவிழ்த்தார். பிறகு என் போன் நம்பரைக் கேட்டார்.

அங்கே எனக்கு வேலை உறுதியாகிவிட்டது. தங்க வீடும் உண்டு. பாப்பாவின் டி.சி.யை வாங்கிவிட்டேன். இன்று மத்தியானம் ரயில். சாவி பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் அக்காவிடம் இருக்கிறது.

குடியை விட்டுவிட்டதாக வேளாங்கண்ணியில் பாப்பா தலையில் அடித்துச் சத்தியம் செய்தீர்கள். நானும் இத்தனை நாள் ஒன்றும் கேட்கவில்லை.

இனி வீட்டுக்கு வரும்போது ஏலக்காய் மென்றுகொண்டு வர வேண்டியதில்லை.

பாப்பா அம்மா