சிவப்பு வண்டியின் நாலு குழாய்கள்

செவ்வாய், இரவு.

என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நண்பன் செல்வின், தான் வாங்கப்போகிற பைக்கை ஓட்டிப் பார்க்க என்னைத்தான் கூட்டிப்போனான். கடையில் பழைய வண்டிகள் இரண்டு நின்றன, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. இரண்டுமே நாலு சிலிண்டர், இன்ஜின் மூடாமல் அப்படியே வெளியே தெரிகிற ரகம். துறைமுக ரோட்டில் இரண்டையும் ஓட்டினேன்.

நீலம் பார்க்க அசிங்கம். சைலன்சர் குழாய் நாலிலும் துரு. ஆனால் உப்புக்காற்று மேலோட்டமாகத்தான் தின்றிருக்கிறது. ஆறாவது கியரில் மெதுவாகப் போனாலும் இன்ஜின் திணறவில்லை. சிவப்பில் குழாய்கள் பளபளத்தன. நகத்தால் சுரண்டினேன். வெள்ளிப் பெயிண்ட் உரிந்து, உப்பு அரித்த குழிகள் தெரிந்தன. கிளட்சும் நழுவுகிறது.

"எத எடுக்க, சொல்லுலே" என்றான் செல்வின்.

நீலம் எனக்கு வேண்டும் என்று அந்த நிமிஷம் தோன்றிவிட்டது.

"செவப்ப எடுலே. நீலம் துருப்பிடிச்சுக் கெடக்கு."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டான்.

அவன் போனதும், நீலத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று கடை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். பெயிண்ட் அடித்தவருக்குத் தெரியாதா. நானும் அவரும் நல்ல ஜோடி, த்தூ.

இப்போதுதான் செல்வின் போன் பண்ணினான். நாளைக்குச் சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் சாமியார் வண்டியை மந்திரித்து ஆசீர்வதிக்கிறாராம்.

"மொத ரவுண்டு நீதான் பின்னால உக்காரணும். நீ பாத்து எடுத்துத் தந்த வண்டில்லா."

வாரேன் என்று சொல்லிவிட்டேன்.