டாங்கி மூடியில் பூட்டு

செவ்வாய்க்கிழமை. மழை விடவில்லை.

நான் ஓட்டும் தேயிலைக் கொழுந்து லொறி இன்று பசறை ஏற்றத்தில் நின்றுவிட்டது. டீசல் பம்ப் தேய்ந்து போயிருந்தது. பதுளையிலிருந்து வந்த மெக்கானிக் நானா புதுப் பம்பைப் பூட்டினார். டீசல் அளவு காட்டும் முள் அடியிலேயே கிடப்பதைப் பார்த்துவிட்டு, டாங்கிக்குள் இருந்த மிதவையையும் கழற்றினார். அதில் ஓட்டை. உள்ளே டீசல் புகுந்து கனத்துப் போயிருந்தது.

"எவ்வளவு ஊத்தினாலும் இது முங்கித்தான் கெடக்கும். முள்ளு கம்மியாத்தான் காட்டும்," என்று, லொறியைத் தேடி வந்திருந்த தோட்டத்து உதவி மேலாளர் சின்னத்துரையிடம் அதை நீட்டினார்.

நான் சின்னத்துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முள்ளை வைத்துத்தானே போன வருடம் என்னை டீசல் திருடன் என்றார்? முனியாண்டி கோயிலில் எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தேன். லயத்து வீட்டுச் சனமெல்லாம் பார்த்தது. மறுநாளே டாங்கி மூடிக்குப் பூட்டுப் போட்டார். பள்ளிக்கூடத்தில் என் மகளுக்கு இன்றைக்கும் 'டீசல்' என்றுதான் பெயர்.

"புதுசு போடுங்க நானா. கொழுந்து வாடுது," என்றார் சின்னத்துரை. என் பக்கம் திரும்பவே இல்லை.

புது மிதவை போட்டதும் முள் முக்காலுக்கு ஏறி நின்றது.

"பாத்தீங்களா தொர?" என்றேன்.

"ம். இனி சரியாக் காட்டும். ஒரு சொட்டு கொறைஞ்சாலும் தெரிஞ்சிடும்."

சொல்லிவிட்டு, டாங்கி மூடியில் பூட்டைத் தன் கையாலேயே மறுபடி மாட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.