பூசணிப்பூ வைத்த காலி வீடு

சனவரி 1. மார்கழி 18.

விடியற்காலம் ஒரே பனி. எதிரில் வர்ற மாடு தெரியலை, கழுத்து மணி மட்டும் கேட்குது. தலையில் துண்டு. முதல் ரயிலில் வில்லியனூரிலிருந்து புதுச்சேரி. கையில் எலுமிச்சம்பழம், ஒரு மாலை. பத்திரம் எழுதுற நொத்தேர் வீட்டு வாசலில் எனக்கு முன்னாடியே கூட்டம். பிரெஞ்சு வருஷப் பிறப்புக்குப் பழம் கொண்டுபோகாத தரகன் அப்புறம் வருஷம் முழுக்க வாசலில் காய வேண்டியதுதான். "போன் அன்னே, மொசியே" என்று வருஷ வாழ்த்துச் சொன்னேன். பழத்தை வாங்கி மோந்து பார்த்துக் கூடையில் போட்டார். என் முகத்தைப் பார்த்த மாதிரி தெரியலை.

அவர் குமாஸ்தா கேட்டார்: "இன்னா ஆறுமுகம், இந்த வருஷம் வூடு, மனை எல்லாம் எப்டி?"

அமோகமா இருக்கும் என்றேன். தரகன் வேற என்ன சொல்லுவான்!

உள்ளபடி எனக்குத் தோணுறது: சைகோனுக்குப் பிழைக்கப் போனவங்க அனுப்புற பணம் முன்னே மாதிரி வரலை. ஆத்தோர மனை இழுக்கும். ரயிலடிப் பக்கம் ஏறும். பாகூர் ஏரி தளும்புது, அதனால் அந்தப் பக்கத்து நஞ்சை இறங்காது. ஆலை ஓடினால் வாடகைக்கு ஆள் வரும். ஓடாட்டி நானும் ஓட வேண்டியதுதான்.

மார்கழியில் ஒருத்தனும் வீடு மாற மாட்டான், பத்திரம் எழுத மாட்டான். தை வரைக்கும் சும்மா. இருக்கிறதிலேயே பெரிய சரக்கு மேட்டுத் தெரு சைகோன்காரர் வீடு. சொந்தக்காரர் குடும்பத்தோடு சைகோனில். தையில் விற்றுக் கொடு என்று சாவியை என்னிடம் விட்டிருக்கார். சும்மா கிடந்தால் பேய் வீடு என்று பேர் வைத்துவிடுவார்கள். அதனால் பக்கத்து வீட்டுப் பால்காரி பச்சையம்மாவை தினம் வாசலில் கோலம் போடச் சொல்லியிருக்கேன். ஆள் இருக்கிற வீடு மாதிரி தெரியணும்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால், கோலத்து நடுவில் சாணி உருண்டை, அதில் பூசணிப்பூ! கல்யாணத்துக்குப் பிள்ளையோ பெண்ணோ இருக்கிற வீட்டில் வைக்கிறது. எடுடி என்றேன். "ஏன் அண்ணே, எங்க கூரைல கொள்ளையாப் பூக்குது. வெறுங்கோலம் மொட்டையா இருக்குது. இருந்துட்டுப் போவட்டுமே" என்று சிரிக்கிறாள்.

இருக்கட்டும் என்று விட்டேன்.

சனவரி 4. மார்கழி 21.

செல்லிப்பட்டுக்காரர் ஒருத்தர் வந்தார். வீட்டை விற்கணுமாம், யோசனை கேட்டார். வாய் வலிக்கச் சொன்னேன். பங்காளி கையெழுத்து முதலில், விலைப் பேச்சு அப்புறம். பொங்கலுக்கு வெள்ளை அடியுங்க, விற்கப் போற வீட்டுக்கு எதுக்குச் செலவு என்று கணக்குப் பார்க்காதீங்க. கிணறு தூர் எடுங்க. கொல்லை வேலி எந்த ராஜாங்கத்தில் முடியுதுன்னு பாருங்க. அவருக்கு வீடு பிரெஞ்சுக்காரனுடையது, மாட்டுக்கொட்டாய் இங்கிலீஷ்காரனுடையதாம்! வாங்க வர்றவன் எதிரில் கண் கலங்காதீங்க. அழுதீங்கன்னா ராசியில்லாத வீடுன்னு எழுந்து போயிடுவான்.

கடைசியாச் சொன்னதைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிப்போச்சு. அவர் அப்பா கட்டின வீடாம்.

எல்லாருக்கும் வீடு பற்றி யோசனை சொல்றவனுக்கு இருக்கிறது எண்ணெய்க்கடைப் பின்கட்டில் ஒரு அறை. பாய், பெட்டி, ஆணியில் சட்டை. சாப்பாடு கிளப்புக்கடையில். சம்சாரம் போய்ச் சேர்ந்ததுக்கப்புறம் ஒரு வீடு பிடித்து அடுப்பு வைக்கணும் என்று தோணவேயில்லை. ஒத்தை ஆளுக்கு எதுக்கு?

செருப்பு வார் அறுந்துபோச்சு. தைக்கக் கொடுக்கணும்.

சனவரி 9. மார்கழி 26.

சளி. தொண்டை கட்டிக்கிச்சு. தரகனுக்குத் தொண்டை கட்டினால் கடை அடைத்த மாதிரி.

பகல் முழுக்க மேட்டுத் தெரு வீட்டில். வேலை ஒன்றும் இல்லை. ஜன்னல் திறந்தேன், மூடினேன். முற்றத்தில் வெயில் எந்த மூலையில் எப்ப வருதுன்னு பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். "யாரு?" என்று சும்மா ஒரு குரல் கொடுத்தேன். கூடத்தில் திரும்பக் கேட்டுச்சு. வெட்கமாப் போச்சு. இந்த வயசில் இதென்ன கூத்து.

தெருவில் ரெண்டு பொம்பளைங்க பேசிக்கிட்டுப் போனது: "இந்த வூட்ல யாருக்குடி கல்யாணம்?" "யாரு கண்டா. தெனம் பூ வெக்கிறாங்க."

சனவரி 13. தை 1.

பொங்கல். வெயில் சுள்ளென்று. தெருவெல்லாம் கரும்பு.

கிளப்புக்கடை இன்றைக்கு அடைப்பு என்கிறதை மறந்தே போனேன். வருஷா வருஷம் மறக்கிறேன். வாழைப்பழம், பொரி. பச்சையம்மா மட்டும் ஒரு இலையில் பொங்கல் கொடுத்தனுப்பினாள். நல்லா இருந்தது. இனிப்பு தூக்கல். சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்று சொல்லத் திரும்பினேன். ஆள் ஏது?

எப்படியாவது இந்த வருஷம்... என்ன எப்படியாவது? 

சனவரி 16. தை 4.



காலையில் மேட்டுத் தெரு வீட்டில் ஒட்டடை அடித்துக்கிட்டிருந்தேன். வாசலில் ஒருத்தர். வெள்ளை வேட்டி, தலைப்பாகை, வெயிலில் கறுத்த விவசாயி முகம். ஊர் கரியமாணிக்கம், பேர் கோவிந்தசாமி. நெல்லு, கரும்பு போடுறவர். வில்லியனூர்ச் சந்தைக்கு வர்றப்பெல்லாம் இந்தத் தெரு வழியாத்தான் வருவாராம்.

"மார்கழிக் கடைசி பூராப் பாத்துக்கினே போனேன், பூ வெச்சிருந்தது. தை பொறக்கட்டும்னு இருந்தேன். பொண்ணா, பிள்ளையா?"

பிள்ளை என்றேன். ஏன் சொன்னேன்? காலி வீடு என்று சொன்னால் விலைக்கு ஆகாதே என்கிற தொழில் புத்தி.

"யாரு பிள்ளை?"

"நான்தான்."

வாய் தவறியா, வேணும்னா, சத்தியமா எனக்கே தெரியலை. கையில் ஒட்டடைக்கம்பு, தலையெல்லாம் தூசி. சிரித்துவிட்டுப் போயிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கலை. ரெண்டாந்தாரமா, பிள்ளைங்க உண்டா, இன்னா தொழில் என்று கேட்டார். அதுக்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். பாகூர்க்காரரான என் அப்பா பேரைச் சொன்னதும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். பெண், அவர் தங்கச்சி அஞ்சலை. அம்மா செத்ததும் தம்பிகளை வளர்த்து ஆளாக்குறதிலேயே அதுக்கு வயசு போயிடுச்சாம். "மாப்பிள்ளைக்கு வயசு இருந்தாப் பரவால்ல. அதுக்குன்னு ஒரு வூடு வேணும். அம்புட்டுத்தான் கேக்குது. தம்பி பொண்டாட்டிங்க நடுவுல எவ்ளோ நாளு இருக்கும்?" தலையைத் தூக்கி உத்திரத்தைப் பார்த்தார். "தரகு வேலைன்னா நல்ல வூடாத்தான் புடிச்சிப் போட்டுக்கினு இருக்கீங்க."

அப்பவே சொல்லியிருக்கணும். வாயைத் திறந்தேன். "வெய்யில்ல வந்திருக்கீங்க" என்றேன்.

சனவரி 17. தை 5.

ஆத்துத் திருவிழா. சங்கராபரணி மணலெல்லாம் ஜனம், ஊர் ஊரா சாமி. சொல்லிடணும் என்கிற முடிவோடுதான் போனேன். மொட்டையா: வீடு என்னுது இல்லை, விற்க வைத்திருக்கிறது.

கோ.சாமி என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கிட்டார். பாகூரில் விசாரித்தாராம், அப்பா தங்கமான மனுஷர் என்றார்களாம். "அஞ்சலை ஓயாம கேள்வி கேக்குது. சமையல்கட்டுல பொகை தங்குமா, கெணத்துத் தண்ணி உப்பா, பருப்பு வேகுமா, வெயிலு எங்க வரும், வடாம் காயப் போட எடம் இருக்குதா."

வெயில் எங்க வரும்! கேட்டது என்னைத்தானே. எல்லாத்துக்கும் பதில் தெரியும் எனக்கு. சொன்னேன். நிறுத்தாமல் சொன்னேன். அவர் "இரு இரு, எனக்கு மறந்துபூடும், அதையே கூட்டியாரேன். தை எட்டு நல்ல நாள்" என்றார்.

தூரத்தில் மணலில் ஒரு குடும்பம், அதில் பச்சைச் சேலை கட்டின ஒருத்தி தம்பி குழந்தைகளுக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கிட்டிருந்தாள். அதுதான் என்றார். எல்லார் கையிலும் ஒவ்வொரு உருண்டை. அவள் கடைசியாத்தான் சாப்பிட்டாள்.

சொல்லலை. என்ன ஜென்மம் நான்.

சனவரி 19. தை 7.

வெள்ளை அடித்தாச்சு. தோரணம். பள்ளிக்கூடத்து பெஞ்சு ஒன்று கேட்டு வாங்கினேன். ஜமக்காளம் எண்ணெய்க்கடையில் இரவல். பச்சையம்மாவுக்கு விஷயம் தெரிந்துபோய் ஒரே கேலி, "மாப்ள, மீசைக்கு மை வாங்கலியா?" அப்புறம் கேலியை விட்டுட்டுக் கேட்டாள்: "வூடு உன்னுது இல்லன்னு சொல்லிட்டியா அண்ணே?"

நாளைக்குச் சொல்வேன் என்றேன். வந்து உட்கார்ந்து, நாலு வார்த்தை பேசி, ஆள் பிடித்திருந்தால் அப்புறம் வீடு ஒரு பெரிசா? வாடகைக்கு ஒன்று பிடித்தால் போச்சு. வீடு பிடிக்கத் தெரியாதவனா நான்?

இன்றைக்கு மனசு லேசா இருக்கு. எத்தனை நாளாச்சு.

சனவரி 20. தை 8.

வந்தார்கள். கோ.சாமி, அவர் சம்சாரம், அஞ்சலை. பெண்ணே வீடு பார்க்க வர்ற வழக்கம் எந்த ஊரில் உண்டு? "பொழங்கப் போறவ நான்தானே" என்றாள் வாசப்படியிலேயே. குரல் கொஞ்சம் கரகரப்பு. பிடித்திருந்தது எனக்கு.

கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினேன். எத்தனை பேருக்கு எத்தனை வீடு காட்டியிருப்பேன், இருக்கிற குறையை மறைத்து நிற்கிறதுதான் தொழிலே. இன்றைக்கு என்னமோ எல்லாம் வாயில் வந்தது. தென்மேற்கு மூலையில் ஓடு ஒழுகும், மாத்தணும். மழைக்குக் கொல்லைக் கதவு ஊறிப் பிடித்துக்கும், கீழே இடித்துத் திறக்கணும். கிணறு சித்திரையில் இறங்கும், ஆனால் வத்தாது. மேல்காற்று அடிக்கிறப்போ இந்த ஜன்னலைச் சாத்திட்டு அந்த ஜன்னலைத் திறந்தால் புகை நிற்காது. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கிட்டு, கதவை ஒரு தடவை தானே இடித்துத் திறந்து பார்த்தாள். சிரித்தாள். அவ்வளவுதான், இனி எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது.

கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நல்ல வெயிலில் வண்டியில் வந்தவர்கள். உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தே இருந்தார்கள். ஏன் பேச மாட்டேங்கிறார்கள் என்று நான் நிற்கிறேன். அண்ணி அஞ்சலையைப் பார்த்தாள். கோ.சாமி தொண்டையைக் கனைத்தார்.

அஞ்சலைதான் கேட்டாள்: "கொஞ்சம் தண்ணி குடுங்களேன்."

அப்பத்தான் உறைத்தது. அடப் பாவி! வீட்டில் ஒரு சொம்பு இல்லை. குடம் இல்லை. கிணற்றுக்கு வாளி கூட இல்லை. வெள்ளை அடித்தேன், தோரணம் கட்டினேன், பெஞ்சு கொண்டுவந்தேன், வீட்டுக்கு வர்றவங்களுக்கு முதல்ல தண்ணி கொடுக்கணும் என்கிறது புத்தியில் வரலை. வீடு பார்க்க வர்றவனுக்குத் தரகன் எங்கே தண்ணி கொடுத்தான்? என் அறைக்குத்தான் யார் வந்தார்கள்?

பச்சையம்மா வீட்டில் வாங்கிட்டு வரேன் என்று எழுந்தேன். "ஏன், உங்க வூட்ல?" என்றாள்.

சொன்னேன். நின்னபடியே எல்லாத்தையும். சைகோன்காரர் வீடு, பால்காரி வைத்த பூ, எண்ணெய்க்கடை அறை. உங்களோடு பேசணும்னு ஆசையா இருந்தது, அதனால் சொல்ல முடியலை என்றும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கிட்டுத்தான்.

கோ.சாமி, "தூ, இன்னா மனுஷன்யா நீ!" என்று எழுந்தார். அண்ணி வாயைப் பொத்திக்கிட்டாள், அழுகையா சிரிப்பா தெரியலை.  அஞ்சலை நிதானமா எழுந்து இன்னொரு தடவை சமையல்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு வண்டியில் போய் ஏறினாள்.

சனவரி 21.

வெளியே போகலை. பச்சையம்மா வந்து கதவைத் தட்டினாள். திறக்கலை.

சனவரி 24. தை 12.

காற்று. பனி விட்டாச்சு.

கோ.சாமி எண்ணெய்க்கடைக்கே தேடி வந்தார். அடிக்கத்தான் வந்திருக்கார் என்று நினைத்தேன். உட்காரலை. அந்த வீடு இன்னா விலை என்று கேட்டார்.

"யாருக்கு?"

"அஞ்சலைக்குத்தான். எனக்குக் கண்ணாலமே வாணாம், அந்த வூட்ட வாங்கிக் குடுன்னு நிக்குது. அப்பா வெச்சிட்டுப் போன கரும்புக் கொல்லை அது பங்குக்கு இருக்குது, அதை வித்துட்டுச் செய்யச் சொல்லுது. கூட ஒரு அத்தையை வெச்சிக்குமாம்." தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கிட்டார். "நல்லாப் பாக்காம வாங்கலாமான்னு கேட்டேன். அதுக்கு அது இன்னா சொல்லுச்சு தெரியுமா? வூட்டைப் பத்தி அந்த ஆளு ஒரு பொய் கூட சொல்லலண்ணா. தன்னைப் பத்தித்தான் சொன்னாருன்னுது."

விலை சொன்னேன். பேரம் பேசாமல் ஒத்துக்கிட்டார். வெள்ளிக்கிழமை நொத்தேர் வீட்டில் எழுதுறது. வருஷத்து முதல் வியாபாரம், தை பாதி ஆகிறதுக்குள்ளே. தெருவில் கேட்டவர்களெல்லாம் நல்ல கைராசி ஆறுமுகம் என்கிறார்கள்.

புறப்பட்டவரை நிறுத்திக் கேட்டேன்: "வேற ஏதாவது சொன்னாங்களா?"

"வேற இன்னா சொல்லணும்?"

"ஒண்ணுமில்லை."

தென்மேற்கு மூலை ஓட்டை மழைக்கு முன்னாடி மாத்திடச் சொல்லுங்க என்றேன். சரி என்றார்.