பிடிபடாதவை என்ற தலைப்பின் கீழ்

பிப்ரவரி 3, திங்கள்

காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை ஒரு செயலியை அறிமுகப்படுத்தினார். இனி வெள்ளிதோறும் பெற்றோருக்கான வாராந்தரத் தகவல் கைபேசி வழியாகவே போகுமாம். நாமாக எதுவும் எழுத வேண்டாம். நாற்பது வாக்கியங்கள் ஆயத்தமாக இருக்கின்றன, தொட்டால் போதும். நாற்பதையும் படித்தேன். நாற்பதிலும் குழந்தை மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஒன்றில்கூடப் புரியாமல் விழிக்கவில்லை.

கல்லூரியில் முப்பது வருடம் கணிதம் போதித்து ஓய்வுபெற்றபின், ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தப் பள்ளியின் மூன்றாம் வகுப்புக்கு வந்து ஆறு வருடமாகிறது. ஆறு வருடமும் வெள்ளிதோறும் ஒரு பக்கக் கடிதம் எழுதி, நகலெடுத்து, ஒவ்வொரு பையிலும் வைத்தனுப்புகிறேன். இரண்டே தலைப்பு: "படித்தவை", "பிடிபடாதவை". இரண்டாவதுதான் தலைமையாசிரியைக்குத் தொண்டையில் முள்.

"பிடிபடலைன்னு எழுதினா பேரன்ட்ஸ் பயந்துடுவாங்க, மேடம்."

"பயப்படட்டுமே. காய்ச்சல்னு டாக்டர் சொன்னாலும்தான் பயப்படறாங்க. அதுக்காக அவர் சொல்லாம விடறாரா?"

யாரோ இருமினார்கள். நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருக்க வேண்டும். சிரிப்பை அவர் அப்படித்தான் மறைப்பார்.

பிப்ரவரி 7, வெள்ளி

கடிதமும் வைத்தேன், செயலியையும் தொட்டேன். பன்னிரண்டாம் வாக்கியம், மொத்த வகுப்புக்கும் ஒரே தட்டு. அரை நிமிட வேலை. வெட்கமாக இருந்திருக்க வேண்டும், சௌகரியமாக இருந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

என் மாணவி ஒருத்தியின் தகப்பனார், பேருந்து ஓட்டுநர், சீருடையோடு வகுப்பு வாசலில் நின்றார். கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். 'உங்கள் குழந்தை இந்த வாரம் எல்லாச் செயல்பாடுகளிலும் ஆர்வத்துடன் பங்கேற்றது.'

"என் பொண்ணு வாரம் பூரா அம்மை போட்டுப் படுத்துக் கிடந்தா, டீச்சர். எதுல ஆர்வமா கலந்துகிட்டா? சொறியறதுலயா?"

இருபத்தெட்டுப் பேரில் இருபத்தேழு பைகளில்தான் கடிதம் வைத்தேன். ஒரு பை இல்லை என்பது என் கைக்குத் தெரிந்திருந்தது. விரலுக்குத் தெரியவில்லை.

'தொழில்நுட்பக் கோளாறு' என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்றார் தலைமையாசிரியை. கோளாறு தொழில்நுட்பத்தில் இல்லை, என்னிடம்தான் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்றைய கடிதத்தில் "பிடிபடாதவை": மீதி வரும் வகுத்தல் - பாதி வகுப்புக்கு. பார்த்துவிட்டுத் தொட வேண்டும் என்பது - ஆசிரியைக்கு. வராத குழந்தையை வந்ததாகச் சொன்னது என் தவறு. இனி அந்தச் செயலியைத் தொடமாட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

தலைமையாசிரியையிடமிருந்து அழைப்பு வந்தது. போனேன்.

"பள்ளிக்கூடத்து மானத்தையே வாங்கிட்டீங்க, மேடம். இந்தக் கடிதம் நிக்கணும். இல்லன்னா மார்ச்சுக்கு அப்புறம் உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறது கஷ்டம்."

"கஷ்டப்படாதீங்க."

நகல் அறைச் சாவி இப்போது அவருடைய மேசை இழுப்பறையில்.

வீட்டில் தங்கை பிடித்துக்கொண்டாள். "ஏன்க்கா, ரெண்டு வரியை விட்டுட்டா குடியா முழுகிடும்? நாள் பூரா நீ வீட்டுல உக்காந்திருந்தா என் கதி என்னன்னு யோசிச்சியா?" நியாயமான கவலை.

எனக்கும் நடுக்கம் உண்டு. இங்கே எழுதுவதில் என்ன வெட்கம்? எழுபது வயதில் இன்னொரு வகுப்பை யார் தரப்போகிறார்கள்? - அதுக்காக? அம்மையில கிடந்த பிள்ளை துள்ளிக் குதிச்சான்னு எழுதணுமா? மாட்டேன். போங்கடி.

பிப்ரவரி 21, வெள்ளி

கடிதத்தைக் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் நோட்டில் பார்த்து எழுதினார்கள். இருபத்தெட்டு நகல், சாவி தேவைப்படவில்லை. என் நகல்களைவிட இவை மேல். யார் பாதியில் நின்றார்கள், யார் வரிக்கு வெளியே அலைந்தார்கள் என்பதெல்லாம் வீட்டுக்குப் போய்ச் சேரும். முன்வரிசை வாயாடி தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தாள்: "எனக்கு வகுத்தல் வரும். டீச்சர்தான் நம்பவில்லை." அழிக்கச் சொல்லவில்லை.

தலைமையாசிரியை சன்னலில் தோன்றினார். "என்ன மேடம் இது?"

"பார்த்தெழுதுதல். பாடத்திட்டத்துலயே இருக்கு."

பிப்ரவரி 24, திங்கள்

பதினொரு நோட்டுகளில் பெற்றோரின் பதில். தகப்பனார் ஒருவர்: "இதையெல்லாம் எங்களிடம் ஏன் சொல்கிறீர்கள்? சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலை." அதன் கீழே எழுதினேன்: "வேலை என்னுடையது. பிள்ளை உங்களுடையது."

தையல் வேலை செய்யும் தாய் ஒருத்தி: "மீதி எனக்கும் பிடிபடவில்லை. ஒரு நாள் வந்து பின்னால் உட்காரலாமா?"

வரச் சொன்னேன். அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது.

மார்ச் 7, வெள்ளி

நான்கு பேர் வந்தார்கள். முழங்கால் முகவாயில் இடிக்கும் பெஞ்சு, யாரும் முனகவில்லை. பதினேழை ஐந்தால் வகுத்துக்கொண்டிருந்தோம். தையல்காரி திடீரென்று வாய் திறந்தாள்.

"பதினேழு பட்டன், சட்டைக்கு அஞ்சு. மூணு சட்டை தைச்சா ரெண்டு பட்டன் டப்பாவுல கிடக்கும். இதைத்தானா டீச்சர் மீதி மீதின்னு இத்தனை நாளா பயமுறுத்தினீங்க?"

வகுப்பு முழுவதும் தலையாட்டியது. ஒரு மாதமாக நான் மல்லுக்கட்டிய இடம். அந்தச் சட்டைகளைக் கூசாமல் திருடி இரண்டாம் பாடவேளையிலும் பயன்படுத்தினேன்.

மார்ச் 28, வெள்ளி

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. "தங்கள் அரிய சேவைக்கு நன்றி" என்று அச்சடித்த தாள். வருத்தமா? ஆம். மன்னிப்புக் கேட்டிருக்கலாமோ? இல்லை. பலகையில் இந்த வாரக் கடிதத்தை வழக்கம்போல் எழுதிவிட்டுத்தான் வந்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

மாலையில் ஓட்டுநர் மகளோடு வீட்டுக்கு வந்தார். புது ஆசிரியை வந்ததிலிருந்து செயலி மட்டும்தானாம். இன்று கடைசி மணி அடித்ததும் வாயாடி தானே பலகைக்குப் போய் எழுதிவிட்டாளாம். எல்லாரும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மகள் தன் நோட்டைப் பிரித்துக் காட்டினாள். பிடிபடாதவை: நிறுத்தல் அளவை. புது டீச்சர் வேகமாகப் பேசுவது.

"இதை ஏன் எங்கிட்ட கொண்டு வந்தீங்க? அவங்ககிட்ட காட்டுங்க."

"காட்டியாச்சு, டீச்சர். அடியில பாருங்க."

அடியில் பச்சை மையில் இரண்டு வரி. "உண்மைதான். திங்கள் முதல் மெதுவாகப் பேசுகிறேன்."

எழுத்து கோணல். தேதி போடவில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறார்.