ஜெபாவுக்குக் கொடுத்தனுப்பிய பழச்சீப்பு

பிரியமுள்ள ஜெபாவுக்கு,

‘ஏட்டி’ என்று கூப்பிட இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆளில்லாமல் போன செண்பகம் எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று கை தானாக எழுதப் போனது. அடித்துவிட்டேன். உன்னிடம் வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

முதலில் துறைச் செய்தி. உன் மேசையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. மண் மாதிரிப் பைகளை அதன் மேல் அடுக்கி, அது மேசை என்றே தெரியாதபடி நான்தான் மறைத்து வைத்திருக்கிறேன். ஜீப்பின் பின்கதவை இப்போதும் கயிறு போட்டுத்தான் கட்டுகிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட நீ சேர்த்து வைத்த கண்ணாடிக் குப்பிகள் ஜன்னலோரம் அப்படியே நிற்கின்றன. திசையன்விளைத் தேரிக்காட்டுச் செம்மணல், ஆற்று வண்டல், கொற்கைப் பக்கத்துக் களிமண். தூசி தட்டுகிறேன், இடம் மாற்றுவதில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்று நடந்த ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் மண் எடுத்துப் போட்டார்கள். நானும் எடுத்தேன். என் விரல் அந்த மண்ணை நசுக்கிப் பார்த்தது, ஜெபா. மணல் கலந்த செம்மண், சரளை கொஞ்சம், ஈரம் போதாது என்று மனசு ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே இருந்தது. இன்னொரு பக்கம் அழுதுகொண்டிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. நீயாக இருந்தால், “சரியாத்தான் சொன்னியா ஏட்டி?” என்று கேட்டு அத்தோடு விட்டிருப்பாய்.

அதற்காக இந்தக் கடிதம் இல்லை. நான் செய்த வேறொரு காரியத்தை நீ அவ்வளவு சுலபமாக விடமாட்டாய் என்று நினைக்கிறேன். துறை மலரில் உனக்கு அஞ்சலி எழுதித் தரச் சொன்னார்கள். புகழ்ந்து எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை. இது மட்டும்தான் வந்தது. வாசிக்கிறவர்கள் வாசித்துக்கொள்ளட்டும்.

நம் பிழைப்பு எப்படி ஓடியது என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஆய்வகத்தில் மண்ணைச் சோதிப்பேன். நீ அதை ஊருக்குள் கொண்டுபோய்ப் பேசுவாய். நான் பேசினால் யாருக்கும் காது கேட்காது. “வினாத்தாள் வாசிக்குத மாதிரில்லா பேசுத” என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். ஊர்களில் மண் பரிசோதனை முகாம் என்றால் வரிசை உன் மேசைக்கு முன்னால்தான். பாலித்தீன் பையிலும் துண்டு முனையிலும் மண்ணை முடிந்து கொண்டுவந்து நிற்பார்கள். நீ உப்பை அளக்கும் கையடக்க மீட்டரை மண் கரைசலில் விட்டுப் பார்த்து, அந்த இடத்திலேயே பதில் சொல்வாய்.

ஒரு முகாமில், உப்பு வயல்காரர்களை ஆய்வகத்துக்கும் கொஞ்சம் மண் கொடுத்துவிடச் சொல்லு, சோடியம் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். நினைவிருக்கிறதா? “வேலைய விட்டுட்டு வந்து நிக்குதாவ. ரெண்டு மாசம் கழிச்சு காயிதம் அனுப்பினா எவன் வாசிப்பான்? இப்பமே பதில் சொல்லி அனுப்புவோம் ஏட்டி” என்றாய். எனக்கும் அது சரியாகப் பட்டது. ஆய்வகத்தில் ஏற்கெனவே பைகள் மலையாகக் கிடந்தன. சவத்து வேலை, இது ஒன்று குறைந்ததே என்றுகூட நினைத்தேன்.

கடைமடை ஊர்களில் உப்புப் பூத்த வயல்களுக்கு நீ சொன்ன வைத்தியம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. செலவில்லாத வைத்தியம். ஆற்றில் நல்ல தண்ணீர் வரும்போது வயலில் நிறுத்து, உப்புக் கரைந்ததும் வடித்துவிடு, திரும்பவும் நிறுத்து. அதை உன் அடுப்படியில் நின்றபடி குரல் பதிவாகப் பேசி அனுப்பினாய். “அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஜெபா பேசுதேன். காச வெட்டியாச் செலவழிச்சிராதிய. தண்ணிய நிறுத்துங்க, பைய வடிச்சு விடுங்க.” கடைசியில் உன் மகள் எஸ்தர் பின்னாலிருந்து, “யம்மா, குக்கர் விசிலடிக்கு” என்பாள். அந்த விசிலோடுதான் அது ஊர் ஊராகச் செல்போன் குழுக்களில் சுற்றியது. பிசானப் பருவ நெல் நடவுக்கு முன்னால் யாராவது ஒருவர் தூசி தட்டி மறுபடியும் அனுப்புவார்.

பெரும்பாலான வயல்களில் அது பலித்தது. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். கொற்கைக்கு இந்தப் பக்கம், பள்ளமாகக் கிடக்கும் ஒரு வயல்வெளியில் மட்டும் பலிக்கவில்லை. அங்கே பயிர் திட்டுத் திட்டாகக் கருகியது. பெய்த மழை இறங்காமல் மேலேயே நின்றது. காய்ந்தபோது மண் பலகையாக இறுகி, மண்வெட்டி போட்டால் தெறித்தது. நீ போன பிறகுதான் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். மண்ணை அள்ளிவந்து பார்த்தேன்.

சோடியம், ஜெபா. களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. மேலே உப்பு இருக்கும்வரை அது வெளியே காட்டிக்கொள்ளாது. நம் மீட்டருக்கும் தெரியாது. உப்பைக் கழுவியதும் அது மட்டும் மிஞ்சி, மண்ணைக் குழைத்து அடைத்துவிட்டது. முதலில் ஜிப்சம் போட்டுச் சோடியத்தை விலக்கிவிட்டுத் தண்ணீர் நிறுத்தியிருக்க வேண்டும். வெறும் தண்ணீரை இன்னொரு தடவை கட்டினால் நிலம் இன்னும் கெட்டுப்போகும். நீ இதைத் தெரிந்துகொள்ளாமலே போனது நல்லது என்று நினைத்த நாளும் உண்டு. அப்படி நினைத்ததற்காக வருத்தப்பட்ட நாளும் உண்டு.

பிசானம் நெருங்கியது. உன் குரல் வழக்கம்போல் சுற்ற ஆரம்பித்தது. நான் ஒரு பதிவு பேசி அனுப்பினேன். அந்தப் பள்ளத்து வயல்களுக்கு முந்தைய பரிந்துரை பொருந்தாது, ஜிப்சம் இடவும் என்று. என்ன பதில் வந்தது தெரியுமா? “ஜெபா அம்மா தண்ணி போதும்னு சொல்லிருக்காவ. நீங்க எந்தக் கம்பெனி ஆளு?” என்று ஒருவர் கேட்டிருந்தார். ஜிப்சம் விற்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். நீ இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எஸ்தரிடம் போனேன்.

அவள் குரல் உன் குரலாகிவிட்டது. போனில் பேசினால் ஒரு கணம் எனக்கே தூக்கிவாரிப்போடும். விஷயத்தைச் சொன்னேன். அவள் பாத்திரம் விளக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்.

“அப்ப அம்மா சொன்னது தப்பா சித்தி?”

“அந்த வயலுக்கு மட்டும் தப்பு. சோதிக்காம விட்டதுல எனக்கும் பங்கு இருக்கு.”

“அதை நான் ஏன் சொல்லணும்?”

“நான் சொன்னா கேக்க மாட்டேங்காவ.”

தாயின் தவறை மகள் வாயால் சொல்லச் சொல்லி, அவள் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் காட்சியை நீ பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாய்? அவள் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். “நான் ஜெபா மக எஸ்தர் பேசுதேன். எங்கம்மா இப்ப இல்ல” என்று தொடங்கி, அதற்கு மேல் குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே முழுவதையும் சொல்லி முடித்தாள். பிறகு, “இது நல்லா இல்ல சித்தி, இன்னொண்ணு பேசுதேன்” என்று முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். இரண்டாவது தடவை அழுகை வரவில்லை. நேராக, “அண்ணாச்சிமாரே, அக்காமாரே” என்று தொடங்கினாள். பெயர் சொல்லவில்லை.

நான் இரண்டாவதை அனுப்பினேன்.

“அதுல நான் பேரே சொல்லலியே சித்தி” என்று எஸ்தர் கேட்டாள். “இது தெளிவா இருக்கு, போதும்” என்றேன். தெளிவாக இருந்தது என்பது உண்மைதான். அதற்காகத்தான் அதை எடுத்தேனா? யார் குரலாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியாதா?

ஐயம்பெருமாள் அண்ணாச்சியை நீ மறந்திருக்க மாட்டாய். முகாமுக்கு வந்தால் வேண்டுமென்றே வரிசையின் கடைசியில் நின்று, ஆற அமர உன்னிடம் பேசிவிட்டுப் போவாரே, அவர்தான். அவர் வயலும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. போன வாரம் அங்கே போனேன். வரப்போரம் ஜிப்சம் மூட்டைகள் இறங்கியிருந்தன. பக்கத்து வயல்களிலும் பார்த்தேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது, ஜெபா. அந்த நிம்மதியோடுதான் வரப்பில் ஏறினேன்.

“வாங்கம்மா, வாங்க” என்று அவர் வந்தார். “நீங்க அனுப்பினதக் கேட்டேன். மனசு கேக்கல. பொறவு அந்தம்மாவே மாத்திச் சொல்லிட்டாவ. இனி நமக்கு என்ன யோசனை?”

நான் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“தன் வாயால சொன்னதத் தானே மாத்திச் சொல்ல மனசு வேணும்லா” என்றார். “ரொம்ப நாளாச்சு அவியளப் பாத்து. சுகமா இருக்காவளா?”

“சுகமா இருக்கா” என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அவர் வயலோரத்து வீட்டுக்குள் போய் ஒரு சீப்பு நாட்டுப்பழம் கொண்டுவந்தார். செய்தித்தாளில் சுற்றி, “அம்மாட்ட குடுத்திருங்க, அடுத்த முகாமுக்குக் கட்டாயம் வரச் சொல்லுங்க” என்று என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிற கூட்டம் சாலையை நிறைத்துக்கொண்டிருந்ததால் ஜீப் ஊர்ந்துதான் வந்தது. வழியெல்லாம் அந்தப் பொட்டலம் என் மடியில் இருந்தது.

உண்மையைச் சொன்னால் மூட்டையைப் பிரிக்காமல் விட்டுவிடுவாரோ என்ற பயத்தில்தான் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பாதி சரி. மீதிப் பாதி என்னவென்று உனக்குத் தெரியும். நீ போனதிலிருந்து, நீ இறந்துவிட்டாய் என்ற அந்த ஒரு வார்த்தையை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. துறையில் எல்லோருக்கும் தெரியும், அதனால் சொல்லவேண்டி வரவில்லை. உன் அலுவலகப் போனுக்கு யாராவது கூப்பிட்டால், மேடம் இப்போது சீட்டில் இல்லை, அப்புறம் பேசுங்கள் என்று வைத்துவிடுவேன். அந்த மனுஷன் சுகமா என்று கேட்டபோது, ஆமாம் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. ஜிப்சத்துக்காகச் சொன்ன பொய்யா, எனக்காகச் சொன்ன பொய்யா?

பழம் என் ஆய்வக மேசையில் இருந்து கனிந்தது. அறை முழுக்க வாசனை. தின்னவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. கரும்புள்ளி விழ ஆரம்பித்ததும் எடுத்துக்கொண்டு எஸ்தரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

அவள் பழச்சீப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அவருக்குத் தெரிஞ்சா அழுதிருப்பாரு, இல்ல சித்தி?” என்றாள்.

“அழுதிருப்பாரு.”

“அம்மாவுக்காக அழுத ஒரு ஆளக் கொறச்சிட்டீங்க.”

ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றாள். “அம்மாவுக்குக் குடுத்தது, வீணாக்காண்டாம்” என்று என்னிடமும் ஒன்றை நீட்டினாள். நல்ல இனிப்பு.

உன்னைத் திருத்தியதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அந்த வயலை முதலில் பார்த்திருந்தால் நீயே திருத்தியிருப்பாய், அதுவும் என்னைவிடச் சத்தமாக. இறந்துபோன உன்னை எழுப்பி, எனக்குத் தேவையான ஒன்றைப் பேசவைத்தேனே, அதற்குத்தான் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்கிறேன். அதுவும் உன் பிள்ளையின் தொண்டையை வைத்து.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எஸ்தரும் நானும் ஐயம்பெருமாள் அண்ணாச்சியிடம் போகிறோம். ஜீப் வேண்டாம், பஸ்ஸில் போவோம் என்று அவள் சொல்லிவிட்டாள். இந்த மலர் அச்சாகி அவர் கைக்குப் போகும் முன் நேரில் சொல்ல வேண்டும். அந்தக் குரல் யாருடையது என்று சொல்வேன். முதலில் சொன்ன யோசனை உன்னுடையது மட்டுமல்ல, என்னுடையதும்தான் என்று சொல்வேன். கேட்டபிறகு அவர் ஜிப்சம் போடலாம், என் முகத்தில் விழிக்காமலும் போகலாம். மறுபடி மறுபடி போய் வரப்பில் நிற்பேன், வினாத்தாள் குரலிலேயே விளக்குவேன். தான் அழுத அந்த முதல் பதிவை அன்று இரவே எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறாள் எஸ்தர். அனுப்புவேன்.

உன் மேசை மேலிருந்த பைகளை இன்று காலையில் எடுத்துவிட்டேன். நீ இல்லை என்று என் வாயால் ஒருவரிடம் சொல்லப் போவது இதுதான் முதல் தடவை, ஜெபா. சொல்லிவிடுவேன்.

உன் எஸ்தருக்குச் சித்தி,
செண்பகம்