கார் ஷெட்டுக்கு அடியில் ஒரு கிணறு

ஐப்பசி 14, செவ்வாய்.

செம்பாக்கம் சார் வீட்டு கார் ஷெட்டில் தரை சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தது. சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். ஓரத்தில் கணீரென்றது, நடுவில் பொத்தென்றது. நடுவில் பெயர்ந்திருந்த குழியில் சிமெண்ட் பால் ஊற்றினேன். ஒரு பக்கெட் முழுக்க இறங்கியும் குழி நிரம்பவில்லை.

அங்கே ஒரு கிணறு இருந்தது. அந்தத் தண்ணீரில்தான் வீட்டையே கட்டினோம். பிறகு இடிசலைக் கொட்டி மூடி, மேலே தளம் போட்டவன் நான்தான். இடிசல் அமுங்கி, தளத்துக்கு அடியில் இப்போது வெறும் பள்ளம்.

"என்ன மேஸ்திரி, முகமே வெளுத்துப்போச்சு?" என்றார் சார்.

"ஒண்ணுமில்ல சார். கலவை காயணும். மூணு நாளு வண்டிய வெளியவே வுடுங்க."

"மழை வந்தா உள்ள விட்டுடுவேன்பா. புது வண்டி."

கிணற்றைச் சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது மழை பிடித்துவிட்டது. போன் போட்டேன், சார் எடுக்கவில்லை. வண்டிச் சாவியோடு கீழே இறங்கியிருப்பார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.