அல்கோல் மங்காத நாள்

1958 டிசம்பர் 12, வெள்ளி. பொன்மலை.

சாப்பிட்டதும் மொட்டைமாடிக்குப் போனேன். மெஹரும் வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து என்னோடு நட்சத்திரம் பார்க்கிறவள். அல்கோல் என்பது ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள். ஒன்று மற்றதை மறைத்தால் ஒளி குறையும். ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒருமுறை அப்படி ஆகும். நேற்றிரவுதான் அப்படி மங்கியது. இன்று முழு ஒளியோடு இருக்க வேண்டும். எனக்கோ தேடித்தான் கிடைத்தது. பக்கத்து நட்சத்திரங்களும் மங்கலாகவே தெரிந்தன.

"பனி ஜாஸ்தி," என்றேன்.

"பனியா? எல்லாம் பளிச்சுன்னு இருக்குங்களே," என்றாள். பிறகு மெதுவாக, "உங்க அத்தாவுக்கும் ராத்திரிப் பார்வைதானே முதல்ல போச்சு?" என்றாள்.

நாளை இரவு விழுப்புரம் வண்டியின் என்ஜினை நான்தான் ஓட்ட வேண்டும். சிக்னல் விளக்கும் தூரத்தில் ஒரு புள்ளிதான்.

"ஆபீஸ்ல சொல்லிடுங்க. டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுங்க."

சொன்னால் என்னை என்ஜினிலிருந்து இறக்கிவிடுவார்கள். எனக்கு வேறு வேலை தெரியாது.

"சொல்றேன்," என்றேன்.

நம்பித் தூங்கிவிட்டாள். நாளை அந்த வண்டியில் வருகிறவர்களும் இப்படித்தான் என்னை நம்பித் தூங்குவார்கள்.